கண்ணாடித் தொட்டியில் ஒரு கலங்கல்

லூமுட்டில், பங்கோர் தீவுக்குப் படகு புறப்படும் துறையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு வீட்டில் குடியிருக்கும் என் தங்கையின் மகன், சென்ற பள்ளி விடுமுறையில், முன்னறைச் சுவரோரமாக மூன்றடி நீளமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, கடல்மீன் வளர்ப்பதற்கான ஏற்பாடுகளில் இறங்கினான். கடையில் விற்கும் கடலுப்புக் கலவையைக் குளோரின் நீக்கிய குழாய்நீரில் கரைத்து ஊற்றி, அடியில் வெண்பவள மணலைக் கொட்டினான். அன்று மாலையே நீர் சுண்ணாம்பு கரைத்தாற்போல வெளுத்துவிட்டது. இரண்டு நாட்களில் அது தானாகவே தெளிந்தது. அந்த மகிழ்ச்சியில் அவன் கடற்பாறைத் துண்டுகளை அடுக்கி, தொட்டியின் நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாலைந்து இறால்களையும் உள்ளே போட்டுவைத்தான். ஐந்தாம் நாள் இரவு படுக்கப் போகும்போது பளிங்குபோல் இருந்த நீர், விடிந்தெழுந்து பார்க்கையில் மறுபடியும் பாலாகியிருந்தது.

ஈப்போவில் இருக்கும் எனக்கு அன்று காலையே தொலைபேசி வந்தது. "மாமா, மொத தடவ கலங்குனது ரெண்டு நாள்ல போயிருச்சு. இப்ப மறுபடி பால் மாதிரி ஆயிருச்சு. கடையில குடுத்த மருந்து ஊத்திப் பாத்துட்டேன், கேக்கல. எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கவா?"

"கொட்டிடாதேப்பா. அந்த இறால மட்டும் எடுத்துப் போட்டுட்டு, நான் வர்ற வரைக்கும் ஒன்னும் செய்யாம இரு" என்றேன்.

மறுநாள் நான் போய்ச் சேரும் வரையில் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவன் தன்னையறியாமலே எடுத்து வைத்த ஒரு நல்ல விஞ்ஞானக் கேள்வி. ஒரே தொட்டி, ஒரே நீர், கண்ணுக்கு ஒரே வெண்மை. முதற் கலங்கல் யாரும் தொடாமலே போய்விட, இரண்டாவது கலங்கல் மருந்துக்கும் மசியாமல் நிற்பது ஏன்?

முதலில் அந்த வெண்மையையே சற்று விசாரிக்க வேண்டும். மணல் தூசியின் ஒவ்வொரு துகளும், தனியாக எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நிறமற்றதுதான்; கண்ணாடியும் நிறமற்றதே, ஆயினும் அதைப் பொடித்தால் வெள்ளையாகத் தெரிகிறது; கடல்நீரும் காற்றும் நிறமற்றவை, ஆயினும் அலை நுரை வெள்ளையாக இருக்கிறது. ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குள் ஒளி நுழையும் ஒவ்வொரு எல்லையிலும் அதில் ஒரு பகுதி திசைமாறுகிறது. எல்லைகள் கோடிக்கணக்கில் இருந்தால் ஒளி திக்குத் தெரியாமல் சிதறி, எல்லா நிறங்களும் கலந்தபடியே நம் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. இதையே ஒளிச்சிதறல் என்கிறோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டுக் கப்பற் பிரயாணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்து, அது வெறும் வானத்தின் பிரதிபிம்பம் அன்று, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதும் அதற்குக் காரணம் என்று பிறகு காட்டினார். ஆகவே முற்றிலும் தூய நீரும் சிறிதளவு ஒளியைச் சிதறடிக்கவே செய்கிறது; மூலக்கூறு மிகச் சிறியதாதலால் அது நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கிறது. துகள் ஒளியலையின் நீளத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ ஆகும்போது அந்தப் பாரபட்சம் நீங்கி, வெண்மை தோன்றுகிறது. ஒளியலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு. சுண்ணாம்புத் தூசியும் அந்த அளவுக்கு வரும், பாக்டீரியாவும் அந்த அளவுக்கு வரும். அதனால்தான் கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

இனி, தூசி தானாக அடங்கும் கதை. நீரில் விழும் துகளைப் பூமி கீழே இழுக்கிறது, நீரின் பிசுக்கு அதைத் தடுக்கிறது. இவ்விரண்டும் சமமாகும் வேகத்தில் துகள் இறங்குகிறது என்பதை 1851-இல் அயர்லாந்தில் பிறந்த கணித விஞ்ஞானி ஸ்டோக்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய விதியின் சாரம், துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும் என்பதே. நம் தொட்டியின் ஒன்றரை அடி ஆழத்தை வைத்துப் பார்ப்போம். 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பொடிமணல் அந்த ஆழத்தை ஒரு நிமிஷத்துக்குள் கடந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கான தூசிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்கான நுண்தூசிக்கு ஏறக்குறைய ஆறு நாட்கள் வேண்டும், அதுவும் நீர் சிறிதும் அசையாதிருந்தால். பம்பு ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அசையாத நீர் ஏது? அப்படியானால் அவனுடைய முதற் கலங்கல் இரண்டே நாட்களில் எப்படித் தெளிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை கூற, அவனை வீட்டைவிட்டு வெளியே அழைத்துச் சென்று டிண்டிங் ஆற்று முகத்துவாரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. மேட்டு நிலங்களிலிருந்து பழுப்பேறி வரும் ஆற்றுநீரில் மிதக்கும் களிமண், மேற்சொன்ன நுண்தூசியைப் போல, தனித்தனியே இறங்குவதாக இருந்தால் மலாக்கா நீரிணையின் நடுவுக்கே போய்விட வேண்டும். அவ்வாறின்றி அது முகத்துவாரத்திலேயே பெரும்பகுதி அடங்கி, சேற்றுத் திட்டாகப் படிந்து, அதன்மேல் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் வேரூன்றுகின்றன. இதே பேராக் கரையில் வடக்கே ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் பரப்பில் நிற்கும் மாத்தாங் அலையாத்திக் காடும் இவ்விதம் அடங்கிய சேற்றின்மேல் நிற்பதே. நன்னீரில் அடங்காத களிமண் உப்புநீரைக் கண்டதும் அடங்குவதன் மர்மத்தில்தான் நம் தொட்டியின் மர்மமும் இருக்கிறது.

அந்த மர்மத்தை விளக்க எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உபமானம் எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. என் தகப்பனார், அதாவது அவனுடைய தாத்தா, ஆயர் தாவார்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் விடியுமுன் பால் வெட்டப் போய், மங்கு மங்காகச் சேர்த்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்துவந்து பால் ஸ்டோரில் கொடுத்தவர். சிறுவனாக அவர் பின்னால் போய் நின்று நான் பார்த்திருக்கிறேன்: நீளமான தொட்டியில் வடிகட்டி ஊற்றிய வெள்ளைப் பாலில், நீர் கலந்து வைத்த ஆசிட்டைச் சிறிதளவு விட்டுக் கலக்கி, மேலே வந்த நுரையை வழித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள், சில மணி நேரத்தில் அந்தப் பால் திரண்டு, தயிர்க்கட்டி போல ஒரே பாளமாகி, கீழே தெளிந்த நீர் நிற்கும். பிறகு அந்தப் பாளம் மெஷினில் நசுங்கிச் சீட்டாகிப் புகைவீட்டுக்குப் போகும். ரப்பர்ப் பாலில் உள்ளவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான அளவுள்ள ரப்பர்த் துளிகள். ஒவ்வொரு துளியின் மேலும் புரதத்தாலான ஒரு மெல்லிய போர்வை. அந்தப் போர்வையின்மேல் எதிர்மின்னேற்றம். ஒரே வகை மின்னேற்றமுள்ளவை ஒன்றையொன்று தள்ளுமாதலால் துளிகள் எவ்வளவு நெருங்கி அலைந்தாலும் ஒட்டிக்கொள்வதில்லை. இவ்வாறு கரையாமலும் அடங்காமலும் மிதந்து நிற்கும் கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். ஆசிட்டு அந்த மின்னேற்றத்தைப் போக்குகிறது; தள்ளும் சக்தி நீங்கியதும் துளிகள் முட்டிக்கொண்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. பால் வெகுநேரம் திரளாமல் இருக்க வேண்டுமானால் ஸ்டோரில் அமோனியா சேர்ப்பார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை இன்னும் என் நினைவில் இருக்கிறது. அமோனியாவைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

களிமண் துகளும் எதிர்மின்னேற்றம் கொண்டதே. ஆனால் கடலுப்பு அதன் மின்னேற்றத்தை ஆசிட்டைப் போலப் போக்கிவிடுவதில்லை, மறைத்துவிடுகிறது. பங்கோர் தீவில் காளியம்மன் கோயில் மாசிமகத்தன்று கூடும் ஜனத்திரளை அவன் பார்த்திருக்கிறான். முகம் பார்க்க விரும்பாத இரண்டு பேர் வெறிச்சோடிய கடற்கரையில் நடந்துவந்தால், வெகுதூரத்திலேயே ஒருவரையொருவர் கண்டு விலகிப்போவார்கள். அதே இருவர் மாசிமகக் கூட்டத்தில் நடுவிலுள்ளவர்கள் மறைப்பதால் ஒருவரையொருவர் காணாமலே வந்து முட்டிக்கொள்வார்கள். நன்னீர் அந்த வெறுங்கடற்கரை. லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் சோடியம், மக்னீசியம், கால்சியம் முதலியவற்றின் நேர்மின் அயனிகள் ஒவ்வொரு துகளையும் நெருக்கமாகச் சூழ்ந்துகொள்வதால், அதன் தள்ளும் சக்தி சிறிது தூரத்துக்கு அப்பால் தெரிவதேயில்லை. துகள்கள் முட்டுகின்றன, மிக அருகில் வந்தபின் எல்லாப் பொருள்களுக்கும் இயல்பான ஈர்ப்பு அவற்றைப் பிணைக்கிறது, திரள் பெரிதாகிறது. பெரிதானதும் ஸ்டோக்ஸின் விதி அதற்கு அனுகூலமாகிவிடுகிறது. இதைத் திரள்சேர்க்கை என்று சொல்லலாம்.

இது வெறும் ஊகம் அன்று என்பதை முதன்முதல் அழகாகக் காட்டியவர் மைக்கேல் பாரடே. அவர் 1857-இல் பொன்னைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நீரில் பிரித்து, மாணிக்கச் சிவப்பான ஒரு திரவத்தைச் செய்தார். பார்வைக்கு அது தெளிந்த சாயநீர் போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு வில்லையினால் ஒளியைக் குவித்து அதற்குள் செலுத்தியபோது, ஒளி போன பாதை முழுவதும் புகைபோல் துலங்கிற்று. அதனால் அதில் துகள்கள் மிதக்கின்றன என்று தெரிந்தது. அந்தத் திரவத்தில் சிறிது உப்பைச் சேர்த்தவுடன் சிவப்பு நீலமாக மாறிற்று. துகள்கள் ஒன்றுசேர்ந்து பெருத்துவிட்டதே காரணம். உப்பு படாத அவருடைய குப்பிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றுவரை சிவப்பு மாறாமல் இருக்கின்றன.

நம் முன்னோர்களுக்கும் இந்த வித்தை வேறொரு வழியில் கைவந்திருந்தது. தேற்றான்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்து, அதில் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால் மண் அடியில் அடங்கிவிடும். கலங்கிய நீர் இவ்வாறு தெளிவதைக் கலித்தொகையில் நல்லந்துவனார், காதலனைச் சேர்ந்தபின் மனந்தெளிந்த ஒரு பெண்ணுக்கு உவமையாக்கியிருக்கிறார். அந்தக் கொட்டையிலிருந்து நீரில் இறங்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகள், நார் பூவைத் தொடுப்பதுபோல, துகள்களைத் தொடுத்து இழுத்துச் செல்கின்றன. நீரைத் தெளிவிப்பதாகக் கடைகளில் விற்கும் திரவங்களில் பலவும் இதே தொழிலைத்தான் செய்கின்றன.

ஆக, மணல் தூசியால் வந்த முதற் கலங்கலை உப்புநீரே திரட்டி அடக்கிவிட்டது. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் பெறப்படுகிறது. தூசி நன்னீரில்தான் ஒட்டாமல் மிதக்கும். ஆகையால் மணலை உப்புநீர் ஊற்றுமுன்பே வாளியிலிட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் கொட்டிவிட வேண்டும். உப்பு சேர்ந்தபின் அலசினால் தூசி மணலோடேயே திரண்டு தங்கி, மீன் வாலை அசைக்கும்போதெல்லாம் எழும்பும். தூசியால் வரும் வெண்மைக்கு ஒப்பான மற்றொன்றும் உண்டு. உப்புக் கலவையைக் குவித்துவைத்து அதன்மேல் நீரை ஊற்றினால், முதலில் கரையும் பகுதியில் கால்சியமும் கார்பனேட்டும் அளவுக்கு மீறிச் செறிந்து, சுண்ணாம்பாகப் பிரிந்துவிடும். சுண்ணாம்புத் தெளிநீரில் குழலால் மூச்சை ஊதினால் அது வெளுப்பதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதே வெண்மைதான் இது. நிறைய நீரை எடுத்துக்கொண்டு, அது சுழன்றுகொண்டிருக்கும்போது உப்பைச் சிறிது சிறிதாகத் தூவினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது கலங்கலுக்கு வருகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதற் காரியம், மூன்று கண்ணாடித் தம்ளர்களில் அந்த நீரை மொண்டு வைத்ததுதான். ஒன்றில் சில துளி வினிகரை விட்டேன்: சுண்ணாம்பாக இருந்தால் புளிப்பில் கரைந்து நீர் தெளிய வேண்டும்; தெளியவில்லை. இரண்டாவதை அசையாமல் மேஜைமேல் வைத்தேன்: தூசியாக இருந்தால் மறுநாளைக்குள் மேற்பகுதியாவது தெளிந்து, அடியில் ஒரு படிவு காண வேண்டும், காணவில்லை. மூன்றாவதை இருட்டில் வைத்து டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தோம். தூசியானால் மின்னும் புள்ளிகள் தனித்தனியே தெரியும். பம்பு இழுக்கும் நுண்ணிய காற்றுக்குமிழிகளானால் அவை மேலே ஏறி மறையும். இங்கே பனிமூட்டம் போன்ற ஒரே சீரான வெளுப்பு. (வினிகர்ப் பரிசோதனையைத் தம்ளரில்தான் செய்ய வேண்டும், தொட்டியில் செய்துவிடக் கூடாது.) சுண்ணாம்பும் அன்று, மண்ணும் அன்று, காற்றும் அன்று எனில், மீதியிருப்பது உயிர்.

சாதாரணக் கடல்நீரின் ஒரு மில்லிலிட்டரில், அதாவது இருபது சொட்டுக்களில், ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆயினும் நீர் தெளிவாகவே தெரிகிறது. அந்தத் தொகை நூறு மடங்காகி 10 கோடியை எட்டும்போது பார்வைக்கே கலங்கல் தெரிந்துவிடும். நூறு மடங்காவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்? ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும் உயிருக்கு ஏழே தலைமுறைகள் போதும். ஆகாரம் தாராளமாகவும், நீர் லூமுட்டின் இயல்பான உஷ்ணத்திலும் இருக்கையில், மணிக்கு ஒரு தலைமுறை என்று வைத்துக்கொண்டால் ஏழு மணி நேரம்: இரவு பதினொரு மணிக்குப் படுத்தவன் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கும் நேரம்! அழுகத் தொடங்கிய இறாலும், கடற்பாறைத் துண்டுகளில் மடிந்துபோன சிறு ஜீவன்களும் அந்த விருந்தை அளித்தன. புதிய தொட்டியில் பாக்டீரியாக்களைத் தின்னும் நுண்விலங்குகள் இன்னும் பெருகவில்லையாதலால், அவை கேட்பாரின்றிப் பெருகிவிட்டன.

கடையில் கொடுத்த மருந்து பலிக்காததன் காரணம் இப்போது விளங்கும். களிமண்ணைத் திரட்டி அடக்கினால் களிமண் மறுபடி பிறப்பதில்லை. பாக்டீரியாவையும் ஓரளவு திரட்டலாம்தான். ஆனால் ஆகாரம் இருக்கும்வரை எஞ்சியவை ஒரு மணி நேரத்தில் அந்த நஷ்டத்தை ஈடுசெய்துவிடுகின்றன. சேர்க்கும் பொருள் தேற்றான்கொட்டைபோல உயிரிலிருந்து வந்த சர்க்கரைப் பொருளாக இருந்துவிட்டால், அதுவே அவற்றுக்கு மேலும் ஒரு கவளமாகும். குடிநீர்க் குடத்தைத் தெளிவித்தது, மீன்தொட்டியைக் கலக்கிவிடும்.

இந்தக் கலங்கலில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு, அது மூச்சைப் பற்றியது. 30 பாகை வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் கரைத்து வைத்திருக்கும். நம் 180 லிட்டர் தொட்டியில் மொத்த இருப்பே ஒரு கிராமுக்குச் சற்று மேல். கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதை உறிஞ்சும்போது, மீன் இருந்திருந்தால் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவித்திருக்கும். ஆகவே நாங்கள் செய்தவையெல்லாம் எளியவை: பம்பின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பி நீர் கலகலவென்று புரளும்படி செய்தோம், வடிபஞ்சை நாள்தோறும் அலசினோம், நுரைநீக்கியை இடைவிடாமல் ஓடவிட்டோம். நுரைநீக்கி என்பது, தெலுக் பாத்தேக் கரையில் அலை மோதும்போது அழுக்கு நுரை ஒதுங்குவதை ஒரு குழலுக்குள் நடத்திக்காட்டும் கருவி. புரதம் போன்ற பொருள்களுக்குக் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உண்டாதலால், குமிழிகளை நிறையச் செலுத்தி நுரையை வழித்தெடுத்தால், பாக்டீரியாவின் ஆகாரத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே வெளியேறிவிடுகிறது. புதிதாக எதையும் ஊற்றவில்லை. பத்தாம் நாள் காலை நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. விருந்து தீர்ந்து விருந்தாளிகளும் குறைந்துவிட்டார்கள்.

"மாமா, இனிமே மீன் விடலாம்ல?" என்று அவன் கேட்டான்.

என் கருத்தில் இந்த விஷயம் முழுவதிலும் மிக முக்கியமான கட்டம் இதுதான். புதிய தொட்டிகளில் மீன்கள் மாண்டுபோவது பெரும்பாலும் நீர் கலங்கியிருக்கும்போது அன்று, தெளிந்தபின்பே. அவனிடம் அமோனியாவைக் காட்டும் சோதனைத் திரவத்தை வாங்கிவரச் சொன்னேன். தெளிந்த அந்த நீரைக் குழாயில் ஐந்து மில்லிலிட்டர் எடுத்து, சொன்ன அளவில் சொட்டுக்களை விட்டதும், மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் அடர்பச்சையாகிவிட்டது. இறால் அழுகியதில் பிறந்த அமோனியா, பார்வைக்குச் சிறிதும் புலப்படாமல், நீர் முழுவதும் நிறைந்திருந்தது. அவனுடைய தாத்தாவின் பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலைக் காத்த அதே பொருள், மீனுக்குச் செவுளைப் பொசுக்கும் விஷம். கடல்நீரில் காரத்தன்மை மிகுதியாதலால், அமோனியாவின் விஷமுள்ள வடிவமும் அங்கே நன்னீரைவிட அதிகம்.

அமோனியாவை நீக்குவோர் வேறு ஜாதி நுண்ணுயிர்கள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக்கும், மற்றொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாக்கும். இந்தச் செயலுக்கு உயிர்களே காரணம் என்று சந்தேகித்த விஞ்ஞானிகள் பலர் அவற்றைப் பிரித்தெடுக்க முயன்று தோற்றார்கள். ஏனெனில் அவர்கள் மற்ற பாக்டீரியாக்களுக்கு அளிப்பதுபோலச் சத்துள்ள ஆகாரத்தை இட்டு வளர்த்தார்கள், அதில் மற்றவையே மண்டின. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-இல் ஸூரிச் நகரில் அதற்கு நேர்மாறாகச் செய்தார்: உயிர்ப்பொருள் ஒரு துளியும் கலவாத தாது உப்புக்களையும் அமோனியாவையும் மட்டுமே கொடுத்தார், மற்றவை பட்டினியால் அடங்க, அமோனியாவையே எரித்து ஜீவிக்கும் அந்த அபூர்வ உயிர்கள் மட்டும் பெருகின. அதன்பின் நூறு ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்களில் நைட்ரைட்டு வேலைக்கு நைட்ரோபாக்டர் என்ற பெயரே எழுதப்பட்டு வந்தது. 1998-இல் ஹோவனெக் என்பவரும் அவருடைய சகாக்களும் நன்னீர் மீன்தொட்டிகளில் உள்ள உயிர்களின் மரபுப்பொருளையே ஆராய்ந்து பார்த்தபோது, அங்கே அந்த வேலையைச் செய்பவை நைட்ரோஸ்பைரா என்ற வேறு வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. 2005-இல் அதைவிடப் பெரிய ஆச்சரியம்: அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக் காட்சிசாலையின் வெப்பமண்டலக் கடல்தொட்டி ஒன்றிலிருந்து, பாக்டீரியா இனத்தையே சேராத, ஆர்க்கியா என்னும் தனிப்பெரும் பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அது அமோனியாவை உண்டே வாழ்கிறது. நைட்ரோசோப்யூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிடப்பட்ட அதன் உறவினங்கள் உலகக் கடல்களில் எண்ணற்றுப் பரவியிருப்பது பிறகு உறுதியாயிற்று. மகாசமுத்திரத்தின் ஒரு பெரிய உண்மை முதலில் புலப்பட்டது ஒரு மீன்தொட்டியில்!

இந்த உயிர்களின் இயல்பில் இரண்டு விஷயங்களை மீன் வளர்ப்போர் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, இவை மெதுவாகப் பெருகுகின்றன. கலங்கல் பாக்டீரியா ஒரு மணியில் இரட்டிக்க, இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாளாவது வேண்டும். ஆகவே ஒரு புதிய தொட்டியில் அவை போதுமான அளவு குடியேறுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். இரண்டாவது, இவை நீரில் மிதந்து திரிவதைவிட மணலிலும் பாறையிலும் ஒட்டி வாழ்பவை. கலங்கியதைக் கண்டு பயந்து, நீரையும் மணலையும் கொட்டி, பாறையைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவுபவர், குடியேறத் தொடங்கியவர்களைத் துரத்திவிட்டு மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்குகிறார். சகோதரியின் மகனை நான் கொட்டவிடாமல் தடுத்தது இதற்காகத்தான்.

மூன்றாவது ஒரு கலங்கலும் பின்னால் வரக்கூடும் என்று அவனை எச்சரித்தேன். மலாய் மொழியில் லூமுட் என்றால் பாசி. அந்தப் பெயருக்கேற்ப, ஜன்னல் வெயில் படும் தொட்டியில் நைட்ரேட்டு மிகும்போது மிதக்கும் நுண்பாசி பெருகி நீர் பச்சையாகிவிடும். இதற்கு மாற்று கண்டவர் வில்லியம் ஆல்போர்ட் லாயிட் என்பவர். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் அவர் அமைத்த கடல்மீன் காட்சிசாலையில், தொட்டிகளில் உள்ளதைப் போலப் பலமடங்கு நீரை நிலத்தடியில் இருட்டில் தேக்கிவைத்து, இடைவிடாமல் சுழலவிட்டார். ஒளியின்றிப் பாசி வாழாது; நீர் தெளிவாகவே இருந்தது. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் சென்னை மெரினாக் கரையில் கடல்மீன் காட்சிசாலை திறக்கப்பட்டபோது, கடல் வாசற்படிக்கு எதிரிலேயே இருந்தது. சித்தியவானிலும் லூமுட்டிலும் வளர்ப்பவர்களுக்கும் கடல் அருகில்தான். ஆனால் முகத்துவாரத்தை அடுத்த நீர் சேறும் மிதவையுயிர்களும் மிகுந்ததாதலால், கரைநீரை மொண்டுவந்து உடனே ஊற்றுவதைவிட, உப்பைக் கரைத்துக்கொள்வதே நல்லது. மொண்டுதான் ஆக வேண்டுமென்றால் மூடிய கலத்தில் இருட்டில் சில வாரம் வைத்து, அடங்கியபின் மேல்நீரை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் சோதனைக்குழாயைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். இரண்டாம் வாரத்தில் அடர்பச்சை. மூன்றாம் வாரத்திலும் பச்சை, ஆனால் நைட்ரைட்டும் தோன்றியிருந்தது. நான்காம் வாரத்தில் பச்சை வெளிறிற்று, நைட்ரைட்டு உச்சத்தில் நின்றது. அவ்வளவு நாட்களும் தொட்டி நீர் பளிங்குபோலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் இன்னும் ஏன் மீன் விடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டாம் நாள் குழாய் மஞ்சளாகவே நின்றது. நைட்ரைட்டுக் குழாயிலும் ஒன்றும் தெரியவில்லை. அன்று மாலை தொட்டியில் முதல் மீன் இறங்கிற்று.